நாலு அடித் தண்ணீர்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பந்துகள் ஐம்பது என்று நான் சொல்லுவேன். அறுபது என்று என் மனைவி சொல்லுவாள். அவள் அன்று அந்தப் பக்கமே வரவில்லை, ஆனாலும் அறுபது. நிறம் மஞ்சள் என்பதில் மட்டும் எங்களுக்குள் சமாதானம். பேச்சுகளை எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் திருத்தியிருக்கலாம். என் மாமியார் அன்று முழுவதும் நாற்பது வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். நடுவில் அவர் பேசாமல் இருந்ததை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அந்த இடங்களை நான் பேசியதை வைத்து நிரப்பியிருக்கிறேன்.

மாமியார் ஒரு பேருந்து நிறுவனத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். தவறிய பொருட்கள் பிரிவு. குடை, சாப்பாட்டு அடுக்கு, பல்செட், ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்த ஒரு கணவர் என்று எல்லாம் அவர் மேஜைக்கு வந்திருக்கின்றன. "இது என்னுது" என்று வருகிறவர் சொல்லும் அடையாளத்தைக் கேட்டே அது அவருடையதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறு மாதம் ஒரு தையல் கடையின் மாடியில் அறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். அதே மாதம் எனக்கு வேலை போனது. குடும்பம் கூடி யோசித்து, இரண்டு பிரச்சினைகளையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டது.

நான் அவரை அத்தை என்பேன். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். வாங்க, போங்க என்றுதான் பேசுவார். இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதனை முட்டாள் என்று சொல்ல முடியும் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை மதியம் மாடிப்படி ஏறி வந்தவரை மாதுளை அக்கா என்று வைத்துக்கொள்வோம். கால்வாயின் கடைசி முனையில், கடைமடையில், அவருக்கு நான்கு ஏக்கர். ஆயிரத்து நூறு மாதுளைச் செடிகள். மூன்றாவது வருடம், முதல் பூ. கடைமடை விவசாயிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. வேறு யாரும் அந்தப் பதவிக்கு நிற்கவில்லை என்று அவரே சொன்னார்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா," என்றார் அத்தை.

"தண்ணி காணாமப் போகுதுங்க."

"கடைசியா எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் நோட்டை எடுத்தேன்.

"மேல்பாசனத்துக்காரங்களுக்கு இந்த வருஷம் அறுவடை சீக்கிரமே முடிஞ்சிருச்சு," என்றார் அக்கா. "அவங்க பங்குல இன்னும் பன்னிரண்டு நாள் தண்ணி பாக்கி. அவங்களுக்கு வேண்டாம்னா அது சும்மா ஆத்துக்குப் போகும். அதை எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டோம். புதுசா ஒரு சாண் வெட்ட வேண்டாம், அரசாங்கக் கால்வாய் எங்க ஊர் வரைக்கும் ஏற்கனவே இருக்கு, அதுலயே விடுங்கன்னோம். பதிலுக்கு அவங்க கிளை வாய்க்கால் எல்லாத்தையும் பத்து நாள் நாங்க தூர் வாரிக் குடுத்தோம்."

உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். அவற்றைப் பார்த்த பிறகு நான் என்னுடையதை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"அணையிலேர்ந்து கால்வாய் தொடங்கற தலைமதகுல நாலு அடி உயரத்துக்குத் தண்ணி விடணும்னு உத்தரவு. விடறாங்க. மதகுக்காரர் தினமும் எழுதி வெக்கறார். அதைப் பத்துக் குடம்னு வெச்சுக்கங்க. பதினாறு கிலோமீட்டர் வர்றதுக்குள்ள ஒரு குடம் மண்ணும் வெயிலும் குடிக்கும், சரி. ஒன்பது வரணும். அஞ்சுதான் வருது. எட்டு நாள் போயிருச்சு. இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

"யார் மேல சந்தேகம்?"

"நடு ஊர் பம்புக்காரர் மேல. கரையிலயே மோட்டார் வெச்சிருக்கார். எங்க ஆளுங்க ரெண்டு தடவை அடிக்கவே போயிட்டாங்க. நான்தான் புடிச்சு நிறுத்தினேன்."

"பாசனப் பொறியாளர் என்ன சொல்றார்?"

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து முடிவு சொல்றாராம். வழியிலயே பாதி போகுதுன்னா திட்டமே சரிவராது, மதகை மூடிடுவேங்கறார். இப்ப மூடினா அடுத்த வருஷமும் இதே பேச்சுதான் பேசுவாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "செடி பூவை உதிர்க்குது. அடுத்து இலையை உதிர்க்கும். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். கீழே தையல் இயந்திரம் ஒரு முழு பாவாடையைத் தைத்து முடிக்கும் அளவுக்கு நேரம் ஓடியது. அக்கா என்னைப் பார்த்தார். அத்தை தூங்கவில்லை என்று நான் சைகை காட்டினேன்.

"மாப்பிள்ளை, பொம்மைக் கடைக்குப் போய் ஐம்பது பந்து வாங்கிட்டு வாங்க. சின்னது. மஞ்சள் கலர்."

"பந்தா?" என்றார் அக்கா.

"குடைன்னா பார்த்ததும் இது என்னுதுன்னு சொல்லிடலாம்மா. தண்ணிக்கு அடையாளம் கிடையாது. அதான் கூடவே ஆள் போட்டு அனுப்பப் போறோம்."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தலைமதகில் இருந்தோம்.

அந்த மதகுக்கு மூன்று கண்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு இரும்பு ஷட்டர். ஷட்டரைத் தூக்க மேலே ஒரு திருகுக் கம்பி, ஒரு சக்கரம். அத்தை மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றும் சக்கரங்கள்தான்.

மதகுக்காரர் கஞ்சி போட்ட சட்டையில் இருந்தார். அந்த வனாந்தரத்தில் அவர் சட்டையைப் பார்க்க ஒரு கொக்கும் நாங்களும்தான் இருந்தோம். கொக்கு கண்டுகொள்ளவில்லை. அவருடைய அறையில் எல்லாம் கோடு போட்ட மாதிரி இருந்தது. பேனா பேனா இடத்தில், குடை குடை இடத்தில். சுவரில் உத்தரவு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது: பன்னிரண்டு நாட்கள், நான்கு அடி.

எங்களை அளவுக்கல்லுக்கு அழைத்துப் போனார். கால்வாய் ஓரத்தில் நட்ட வெள்ளைக் கல். அதில் அவரே கறுப்புப் பெயிண்டில் எண்கள் எழுதியிருந்தார். கோவில் சிலைக்குக்கூட யாரும் இப்படிப் பொறுமையாகக் கண் திறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் சரியாக நான்கைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"முப்பத்திரண்டு வருஷம்," என்றார். "உத்தரவுல போட்ட அளவுக்கு ஒரு விரற்கடை குறைஞ்சதில்ல. கீழ போய்க் காணாமப் போச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பில்லைங்க."

"நீங்க கீழ போய்ப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார் அத்தை.

"என் வேலை இங்கம்மா."

சரியாக ஆறு மணிக்கு, அளவுக்கல்லுக்கு நேராக ஐம்பது பந்துகளையும் தண்ணீரில் கொட்டினேன். அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி புறப்பட்டன. மதகுக்காரர் பேனாவைத் திறந்து, "இதை எந்தத் தலைப்புல எழுதறது?" என்று கேட்டார். 

அத்தை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். கையில் கடிகாரம். கால்வாய் கரையிலேயே பாதை. முதல் பாலம் ஒரு கிலோமீட்டரில் வந்தது. பழைய கல் பாலம், தாழ்வானது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தோம். நான் பேசிக்கொண்டிருந்தேன். பம்புக்காரரை எப்படி விசாரிப்பது என்று எனக்கு மூன்று திட்டங்கள் இருந்தன. இரண்டாவதில் மாறுவேடம் வரும்.

"மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"எதுக்கு அத்தை?"

"ஏதோ சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"அதைத்தான் கேக்க விடமாட்டேங்கறீங்களே."

நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம். அப்போது முதல் பந்து வந்தது. ஆறு ஐம்பத்தைந்து. அத்தை குறித்துக்கொண்டார். அப்படியே பாலத்துக்குப் பாலம் போனோம். பந்துகள் வரும், எண்ணுவோம், அவர் நேரம் எழுதுவார், ஸ்கூட்டரை உதைப்பேன். எண்ணிக்கை என் பொறுப்பு. ஐம்பது, ஐம்பது, ஐம்பது. வழக்கு சுவாரசியமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடு ஊர்ப் பாலம். அங்கே பம்புக்காரர் தானாகவே வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மீசை. கூட ஒரு நாய்.

"துப்பறிய வந்தவங்க நீங்கதானா? என்னைக் கேக்காம எங்க போறீங்க? ஊரே என்னைத்தான் திருடன்னு சொல்லுது. நீங்க ஒரு மரியாதைக்காவது வந்து விசாரிக்க வேண்டாமா?"

"நீங்கதான் எடுத்தீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"இல்ல."

"சரிங்க."

"அவ்வளவுதானா?" அவருக்கு ஏமாற்றம். "தம்பி, அந்த மோட்டார் என் கிணத்துலேர்ந்து எடுக்கற மோட்டார். ரிப்பேருக்காக மேல தூக்கி வெச்சிருக்கேன். கடைமடைக்காரங்க தண்ணி என் வாசல் வழியா போகுது. பக்கத்து வீட்டு விருந்து வாசனை மாதிரி. மோந்து பார்க்கலாம், கை நனைக்கக் கூடாது. எட்டு நாளா மோந்துக்கிட்டுதான் இருக்கேன். அதுக்கு அடிக்க வராங்க."

அந்த நேரம் பார்த்து அவருடைய நாய் தண்ணீரில் குதித்து ஒரு பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"திருட்டு நடக்குது பாருங்க," என்றேன்.

அத்தை சிரித்தார் என்று நினைக்கிறேன். நாய்க்காகத்தான் இருக்கும்.

இரண்டு இருபத்தைந்துக்குக் கடைமடை. மாதுளை அக்கா வலையை விரித்துக்கொண்டு இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தார். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. பந்துகள் மெதுவாக வந்து வலையில் சேர்ந்தன. எண்ணினேன். நாற்பத்தொன்பது. நாயோடு சேர்த்து ஐம்பது.

"ஒண்ணுகூடக் குறையலையா?" என்றார் அக்கா. வலையைக் கரையில் வைத்தார். வழியில் யாராவது வெட்டிவிட்டிருந்தால் பந்துகளில் பாதி அந்தப் பக்கம் போயிருக்கும். போகவில்லை. "அப்ப கால்வாயே ஓட்டைன்னுதானே அர்த்தம்? பொறியாளர் சொல்றது சரிதானா?"

அவருக்குப் பின்னால் செடிகள் தெரிந்தன. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அடியில் சிவப்பாக எதுவோ சிந்திக் கிடந்தது. கிட்டப் போன பிறகுதான் அவ்வளவும் பூ என்று புரிந்தது. அங்கே எனக்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை.

"அத்தை, ஒரு சந்தேகம்," என்றேன். "பம்பு தண்ணியைத்தானே உறிஞ்சும்? பந்தை உறிஞ்சாதே. பந்து எல்லாம் வந்துருச்சுங்கறதால பம்புக்காரர் நல்லவர்னு ஆயிடுமா?"

அத்தை என்னை ஒரு புதுப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதை நேத்தே யோசிச்சிருந்தா ரெண்டு பந்து வாங்கினாலே போதுமாயிருந்திருக்கும், மாப்பிள்ளை. எண்ணிக்கை உங்களுக்கு வேலை வேணும்னு குடுத்தது. எனக்கு வேண்டியது நேரம்." சீட்டை நீட்டினார். "படிங்க."

படித்தேன். முதல் பாலத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம். அதற்கப்புறம் கிலோமீட்டருக்கு முப்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது.

"நடுவுல யாராவது உறிஞ்சினா அதுக்குக் கீழ தண்ணி மெலிஞ்சு, நடை குறையும். நடு ஊருக்கு மேலயும் முப்பது, கீழயும் முப்பது. அங்க யாரும் கை வைக்கல."

"முதல் கிலோமீட்டர் மட்டும் ஏன் இப்படி?" என்றார் அக்கா.

"அதே அகலம். அதே சரிவு. ஆனா தண்ணி மட்டும் கால் வலிக்கிற மாதிரி நடக்குது." அத்தை எழுந்தார். "உங்க வண்டியை எடுங்கம்மா. ஸ்கூட்டர்ல இன்னொரு தடவை உட்கார்ந்தா என் இடுப்பு காணாமப் போயிடும்."

அக்காவின் சரக்கு வண்டியில் போனோம். மூன்றரைக்கு முதல் பாலம். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போதுதான் எனக்குக் கேட்டது. பாலத்துக்கு அடியில், இருட்டில், தண்ணீர் எதன் மேலிருந்தோ விழும் சத்தம். மற்ற ஏழு பாலங்களிலும் அந்தச் சத்தம் கிடையாது. சமதளத்தில் போகிற தண்ணீர் விழுவதற்கு என்ன அவசியம்?

"இறங்குங்க, மாப்பிள்ளை."

"எனக்கு நீச்சல் தெரியாது அத்தை."

"நாலு அடித் தண்ணிதானே. நீங்க அஞ்சரை."

இறங்கினேன். பாலத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழாகக் கல்லில் வெட்டிய தடம் இருந்தது. பழைய காலத்தில் பழுது பார்க்க வரும்போது பலகை செருகித் தண்ணீரை நிறுத்துவதற்காக வெட்டியது. அந்தத் தடத்தில் இப்போது மூன்று பலகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. தார் பூசியவை. இடுக்குகளில் கயிறு திரித்து அடைத்திருந்தது. என் வீட்டுக் கதவுகூட இவ்வளவு நேர்த்தியாகச் சட்டத்தில் பொருந்தாது. மேல் பலகைக்கு மேலாகத் தண்ணீர் வழிந்து, அந்தப் பக்கம் ஒரு முழம் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"பலகை போட்டிருக்காங்க அத்தை," என்று கத்தினேன்.

"எதிர்பார்த்ததுதான். குளியலறைத் தொளையில துணி சிக்கினா கால் முழுகற அளவுக்குத் தண்ணி நிக்கும். குழாயை லேசாத் திறந்து விட்டாலே போதும். பார்க்கறவங்க, ஆஹா எவ்வளவு தண்ணின்னு நினைப்பாங்க. அந்த அளவுக்கல்லு உயரத்தைத்தான் பார்க்கும். ஓடுதா நிக்குதான்னு அதுக்குத் தெரியாது."

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப யாரும் திருடல."

"திருடறதுக்கு அந்தத் தண்ணியை அனுப்பவே இல்லம்மா. உங்களுக்கு வராத நாலு குடமும் இன்னும் அணையிலதான் இருக்கு. பலகையில ஏதாவது அடையாளம் இருக்கா, மாப்பிள்ளை?"

ஒரு குற்றவாளி அடையாளம் வைத்துவிட்டுப் போவானா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பலகையின் விளிம்பில் கை தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பெயிண்டில், பொறுமையாக, அழகாக. தன் குற்றத்துக்கு வரிசை எண் போடுகிற ஆள் அந்தக் கால்வாயில் ஒருவர்தான் இருக்க முடியும்.

நாங்கள் போனபோது மதகுக்காரர் நான்கு மணி அளவை எழுதிக்கொண்டிருந்தார். என் ஈரத்தைப் பார்த்தார். பேனாவை மூடி அதன் இடத்தில் வைத்தார்.

அத்தை பலகையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மூணாவது ஷட்டர் எப்ப நின்னுச்சு?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு கம்பியில புது கிரீஸ். மூணாவதுல சிலந்தி குடும்பத்தோட இருக்கு."

மதகுக்காரர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார். இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் மதகுக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். பதினோரு கடித நகல்கள். எல்லாம் 'ஐயா' என்று ஆரம்பித்து, மூன்றாவது ஷட்டர் இறுகிவிட்டது, ஆள் அனுப்பவும் என்று முடிந்தன. கட்டின் அடியில் ஒரே ஒரு பதில் இருந்தது. உத்தரவுப்படி நான்கு அடி பராமரிக்கவும். கீழே பொறியாளரின் கையெழுத்து.

"ரெண்டு கண்ணுல எவ்வளவு திறந்தாலும் மூணு அடிக்கு மேல ஏறாதுங்க," என்றார். "உத்தரவு நாலு. முப்பத்திரண்டு வருஷத்துல நான் குறைச்சு எழுதினதில்ல. பொய்யா நாலுன்னு எழுதவும் மனசு வரல. அதனால..."

"நாலு ஆக்கிட்டீங்க," என்றேன்.

"ஆமா. யார் வந்து பார்த்தாலும் நாலு. பொய் இல்ல." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "பலகை போட்டதும் ரெண்டு கண்ணையும் பாதி இறக்க வேண்டியதாப் போச்சு. இல்லேன்னா நாலைத் தாண்டுது. உத்தரவுல நாலுதானே?"

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. ஆனால் அவர் முகத்தில் திருட்டுக் களை துளிகூட இல்லை. பரீட்சையை ஒழுங்காக எழுதிவிட்டு, கேள்வித்தாளே வேறு என்று கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தார்.

மாதுளை அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, என் செடி அந்தக் கல்லைக் குடிக்காதுண்ணே."

மதகுக்காரர் ஜன்னல் வழியாக அளவுக்கல்லைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எத்தனை செடிம்மா?"

"ஆயிரத்து நூறு. என்னுது மட்டும். சங்கத்துல முப்பத்தாறு பேர்."

"எத்தனாவது வருஷம்?"

"மூணாவது. முதல் பூ."

மதகுக்காரர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கஞ்சி போட்ட சட்டையையும் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே கிழிந்த பனியன். "தூக்கறதுக்கு ஏதாவது வேணுமே," என்றார். "திருகுல ஏறாது. சங்கிலி கட்டி இழுக்கணும்."

"எழுத்து மூலமா அனுமதி வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை என் காலை மிதித்தார்.

"வேணும்," என்றார் மதகுக்காரர். "பன்னிரண்டாவது கடிதம் இனிமேதான் எழுதணும். முதல்ல தூக்கலாம்."

கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குகிறவரிடம் மூன்று கால் சட்டமும் சங்கிலிக் கப்பியும் இருக்கும் என்று அத்தைக்குத்தான் தோன்றியது. அழைத்துவர என்னை அனுப்பினார்கள். அக்காவின் வண்டியில் போனேன். பம்புக்காரர் திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யார் வரச் சொன்னது? என்னை அடிக்க வந்தாங்களே, அவங்களா?"

"அவங்கதான்."

"மன்னிப்புக் கேட்டாங்களா?"

"கேப்பாங்க."

"எப்ப?"

"ஷட்டர் ஏறின பிறகு."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா உங்களைத்தான் மறுபடியும் சந்தேகப்படுவாங்க."

அவர் பேப்பரை மடித்தார். நாயும் ஏறிக்கொண்டது.

ஐந்து மணிக்குப் பலகைகளை எடுத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, வரிசைப்படி. பிறகு மதகுக்கு வந்து பார்த்தால், அளவுக்கல்லில் தண்ணீர் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை. மூன்று. இரண்டே முக்கால். மதகுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தார்.  

பம்புக்காரர் மூன்று கால் சட்டத்தை நட்டார். சங்கிலியை ஷட்டரின் காதில் மாட்டினார். நான், அக்கா, மதகுக்காரர் மூன்று பேரும் இழுத்தோம். அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; ஏன் என்று தெரியாது, பழக்கம். இரும்பு அசையவில்லை. பம்புக்காரர் கம்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி, சம்மட்டியால் நாலு போட்டு, காதால் கேட்கக்கூடாத வார்த்தைகளை ஷட்டரிடம் சொன்னார். மறுபடி இழுத்தோம். ஏதோ முறிந்த சத்தம். சங்கிலி அறுந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மூன்றாவது கண்ணில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டையும் மதகுக்காரர் ஓடி ஓடித் திறந்தார். கால்வாய் முழுவதும் பழுப்பாகக் கலங்கி, குப்பையையும் இலைகளையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. அளவுக்கல்லில் ஏறியது. மூன்று. மூன்றரை. நாலைத் தொட்டபோது அவர் சக்கரத்தை நிறுத்தினார். நாலு அடிதான். காலையில் பார்த்ததும் நாலு அடிதான். ஆனால் காலையில் என் பந்துகள் அந்த இடத்தில் ஊர்வலம் போன மாதிரி போயின. இப்போது ஒரு வாழை மட்டை எங்களைத் தாண்டிய வேகத்துக்கு அத்தை கடிகாரத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தண்ணீருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பொறியாளர் ஜீப்பில் கடைமடைக்கு வந்தார். மூடும் உத்தரவைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "நாலு அடி பராமரிக்கச் சொல்லி நான்தான் எழுதினேன்," என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

அனுமதியில்லாமல் ஷட்டரைத் தூக்கியதற்கு மதகுக்காரரிடம் விளக்கம் கேட்டார்கள். பலகைகளைப் பற்றிப் பதிவேட்டில் அவரே எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் யாரும் படிக்கவில்லை. ஓய்வு பெறும் வரை, உபரித் தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் சைக்கிளில் கடைமடை வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். பம்புக்காரரிடம் சங்கத்தில் முப்பத்தைந்து பேர் மன்னிப்புக் கேட்டார்கள். முப்பத்தாறாவது ஆளோடு அவர் இன்னும் பேசுவதில்லை. மேல்பாசனத்துக்காரர்கள் அதற்கப்புறம் ஏழு வருடமாக மிஞ்சிய தண்ணீரை அதே கால்வாயில் விடுகிறார்கள். கடைமடைக்காரர்கள் தூர் வாருகிறார்கள். அத்தைக்கு முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதால் அலுவலகத்தை மூடிவிட்டோம். நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன்.

மாதுளை அக்கா இருநூற்று அறுபது செடிகளைப் பிடுங்கிப் போட்டார். மீதி எண்ணூற்று நாற்பதும் அந்த வருடம் காய்க்கவில்லை. அடுத்த வருடம் காய்த்தன.